குடமுழுக்குக்கு நாள் குறிக்கும் முன்: கிராமத்துக் கற்றளித் திருப்பணிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பணிக் குழுப் பெரியோர்களுக்கு வணக்கம்.

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், மேலமலைப் பாறைச் சரிவில் விசயாலய சோழீச்சுரம் நிற்கிறது. 9ஆம் நூற்றாண்டுக் கோயில். சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி (கல்லால் கட்டிய கோயில்) மழையில் இடிந்து அழிந்தது என்றும், மல்லன் விதுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தார் என்றும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. திருப்பணி செய்தவர் எழுதிவைத்த கணக்கு அது. கட்டியவர் பெயர், கெட்ட காரணம், புதுக்கியவர் பெயர் மூன்றும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டன. கோயிலைச் சோழன் பெயரால் அழைக்கிறோம். முதலில் கட்டியவர் ஒரு சிற்றரசர் என்பது இந்த ஒரு வரியால்தான் தெரிகிறது. மல்லன் விதுமன் தன் பெயரை மட்டும் வெட்டிப் போயிருந்தால் சாத்தன் பூதியை இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

உங்கள் ஊர்க் கோயிலும் ஏறத்தாழ இதே வயதினதாக இருக்கலாம். காளியாப்பட்டி, விசலூர், பனங்குடி போன்ற ஊர்களில் ஒற்றைத் தளத்துச் சிறு கற்றளிகள் வயல்வெளியிலும் கண்மாய்க் கரையிலும் நிற்கின்றன. ஊருக்கு வெளியே, பூட்டிய கம்பிக் கதவுக்குப் பின்னே, வாரம் ஒரு விளக்கோடு இருக்கும் கோயில்கள் தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலும் ஏராளம். தொல்லியல் துறையின் நீலப் பலகை நிற்பது அவற்றில் சிலவற்றில்தான். மற்றவற்றுக்குக் காவல் நீங்கள்தான். அதனால் இந்த மடலைத் துறைகளுக்கு எழுதவில்லை, உங்களுக்கு எழுதுகிறோம்.

விசயாலய சோழீச்சுரத்தில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். வெளியே சதுரச் சுவர், அதற்குள் வட்டமான கருவறை, இரண்டுக்கும் இடையில் சுற்றி வர ஓர் ஒடுங்கிய வழி. விமானத்தின் கீழ்த் தளங்கள் சதுரம். மேல் தளமும் கழுத்தும் சிகரமும் வட்டம். சதுரத்திலிருந்து வட்டத்துக்கு இத்தனை உயரத்தில் கல்லிலேயே மாறுவது எளிய வேலை அல்ல. கோயில் மேற்கு நோக்கியது. வெளிச்சுவரில் தேவ கோட்டங்கள் (சிலை வைக்கும் மாடங்கள்) கிடையாது, அரைத்தூண்கள் மட்டும். பிற்காலச் சோழர் கோயில்களில் சுவரெங்கும் சிற்பம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வெறுமையாகத் தெரியும். அந்த வெறுமைதான் காலத்தின் அடையாளம். சுற்றிலும் சிறு கோயில்கள் எட்டு இருந்தன, ஆறு நிற்கின்றன. பக்கத்துப் பாறையில் குடைந்த பழியிலி ஈச்சுரம் சாத்தன் பழியிலி எடுத்தது; அதன் முன்மண்டபத்தையும் நந்தியையும் அவர் மகள் பழியிலி சிறிய நங்கை சேர்த்தார். அதுவும் கல்வெட்டுச் செய்திதான். இன்னொரு குடைவரையில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கின்றன.

இப்போது ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். சுவர் வெறுமையாக இருக்கிறதே என்று யாரோ அதில் சுதைச் சிற்பம் ஒட்டுகிறார்கள். சுற்றுக் கோயில் ஆறும் இடைஞ்சல் என்று இரண்டை எடுக்கிறார்கள். அடிப்பகுதியைச் சுற்றிக் கிரானைட் தளம் போடுகிறார்கள். கெட்ட எண்ணம் எங்குமே இல்லை, ஆனால் கோயில் போய்விட்டது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் அங்கே அது நடக்கவில்லை. பாதுகாப்பு இல்லாத கோயில்களில் நடப்பது இதுதான்.

வரலாறு கோயிலில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலரும் கோபுரத்தைக் காட்டுவார்கள். எங்களைக் கேட்டால் முழங்கால் உயரத்தைக் காட்டுவோம். அதிட்டானம் எனப்படும் அடித்தளத்தில் கீழிருந்து உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அடுக்குகள் வரும். ஜகதியின் தட்டை முகத்திலும், குமுதத்தின் வளைவிலும், பட்டிகையிலும்தான் பெரும்பாலான கல்வெட்டுகள் ஓடுகின்றன. யார் நிலம் கொடுத்தார், எந்த மடையிலிருந்து தண்ணீர், விளக்கு நெய்க்கு எத்தனை ஆடு, ஊர்ச்சபை எடுத்த முடிவு எது என்பதெல்லாம் இங்கே இருக்கும். உங்கள் ஊரின் பழைய பெயரும் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். ‘தரையைச் சற்று உயர்த்திக் கல் பதிப்போம்’ என்று நன்கொடையாளர் சொல்லும்போது மண்ணுக்குள் போவது இந்த முழங்கால் உயரம்.

எனவே முதல் வேலை கொத்தனாரைக் கூப்பிடுவது அல்ல. இரவில், விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் ஒளி விழச் செய்யுங்கள். பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் எழுத்து எழும். அப்படியே ஒவ்வொரு கல்லையும் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். எந்தத் திசைச் சுவர், எத்தனையாவது அடுக்கு, இடமிருந்து எத்தனையாவது கல் என்று சீட்டு எழுதி அதையும் படத்தில் சேருங்கள். ஒரு சிறு கோயிலுக்கு இரண்டு இரவு போதும். எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ், மாவு, எண்ணெய், பெயின்ட் எதையும் பூசாதீர்கள். மாவு எறும்பையும் பூஞ்சையையும் கொண்டுவரும். எண்ணெயில் தூசி ஒட்டி எழுத்தின் பள்ளம் அடைபடும். எழுத்துக்குள் வெள்ளைப் பெயின்ட் நிரப்புவது இன்னும் மோசம்; நிரப்புகிறவர் தவறாகப் படித்தால் அந்தத் தவறே நிரந்தரமாகிவிடும்.

அடுத்தது மைப்படி. கல்லைத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் கொண்டு துடைத்து, கெட்டியான தாளை நனைத்து ஒட்டி, காற்றுக் குமிழ் இல்லாமல் பிரஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கச் செய்து, ஈரம் பாதி உலர்ந்ததும் மை ஒற்றுவார்கள். எழுத்து வெள்ளையாகவும் பின்புலம் கறுப்பாகவும் வரும். இதைப் பழகியவர்களே செய்ய வேண்டும். மாநிலத் தொல்லியல் துறைக்கோ, கல்வெட்டியல் துறை உள்ள பல்கலைக்கழகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். உங்கள் கோயில் கல்வெட்டுகள் முன்பே படியெடுக்கப்பட்டு அச்சாகியிருக்கவும் கூடும். புதுக்கோட்டைப் பகுதியில் சமஸ்தானக் காலத்திலேயே, 1929இல், கல்வெட்டு வாசகங்களைத் தொகுத்து அச்சிட்டார்கள். அச்சில் இருக்கிறதே, கல் எதற்கு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பழைய வாசிப்பைத் திருத்த வேண்டுமானால் கல்லிடம்தான் போக வேண்டும்.

சரி, பழுதுக்கு வருவோம். மல்லன் விதுமன் காலத்திலும் இன்றும் எதிரி ஒன்றுதான், தண்ணீர். கற்றளி மேலே ஒழுகி, கீழே ஊறி, நடுவே வேர் பிளந்து சாகிறது.

மேலே ஏறிப் பாருங்கள். கூரைப் பலகைக் கற்களின் மீது சுண்ணாம்பு ஜல்லித் தளமும் அதன் மேல் தட்டோடும் இருந்திருக்கும். ஒழுகியபோதெல்லாம் அதன் மேலேயே சிமென்ட் பூசி வந்திருப்பார்கள். ஒரு பூச்சில் வெடிப்பு விழுந்ததும் அடுத்த பூச்சு. கணக்குப் போடுங்கள்: 10 அடிக்கு 10 அடி கூரையில் 4 அங்குலக் கான்கிரீட் ஏறினால் எடை இரண்டு டன்னுக்கு மேல். கூரைக்கல்லின் நடுவில் குறுக்காக விரிசல் விழுவதற்கு இதுவே போதும். பிறகு அந்த விரிசலுக்கு அடியில் இரும்புத் தூண் முட்டுக் கொடுப்பார்கள்.

செய்ய வேண்டியது எதிர்த் திசையில். சிமென்ட் அடுக்குகளைச் சிற்றுளியால், கையால், ஓரத்திலிருந்து உரித்தெடுங்கள். அதிர்வு இயந்திரம் வேண்டாம், அதிர்வு கல் மூட்டுகளைத் தளர்த்தும். கல் தெரிந்ததும் மூட்டுகளைச் சுத்தம் செய்து சுண்ணாம்புச் சாந்து நிரப்புங்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 3 அங்குலம் போட்டு, 60க்கு 1 என்ற அளவிலாவது வாட்டம் வைத்து, மரக்கட்டையால் அடிக்க வேண்டும். ஒரு நாள் வேலை அல்ல இது. கட்டை பட்டால் தடம் விழாத வரை, நாள் கணக்கில், கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். பிறகு இரண்டு வரிசைத் தட்டோடு, மூட்டுக்கு மேல் மூட்டு வராமல். தண்ணீர் விழும் வாயை மறக்காதீர்கள்; அது சுவரை விட்டுத் தள்ளி விழ வேண்டும். கபோதத்தின், அதாவது கூரை விளிம்புக் கல்லின், வளைவும் அதற்காகத்தான் இருக்கிறது. அதை மறைத்துத் தகரப் பந்தல் கட்டினால், பந்தலின் தண்ணீர் நேராக ஜகதியில் அடிக்கும்.

சுண்ணாம்பைப் பற்றி நிறையக் கதைகள் உலவுகின்றன. கடுக்காய், கருப்பட்டி, முட்டை, உளுந்து என்று பட்டியல் நீளும். அடிப்படை இவ்வளவுதான்: சுட்ட சுண்ணாம்பைக் குழியில் நீற்றி, குறைந்தது 15 நாளாவது தண்ணீருக்கு அடியிலேயே வைத்திருங்கள். அவசரப்பட்டால் நீறாத கட்டிகள் சுவருக்குப் போன பிறகு நீறி, பூச்சைப் பொக்குளம் பொக்குளமாகத் தள்ளும். மூட்டுக்குச் சுண்ணாம்பு 1 பங்கு, சலித்துக் கழுவிய ஆற்று மணல் 2 பங்கு; ஈரம் படும் இடத்தில் மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் செங்கல் தூள். கடற்கரை மணல் கூடாது, உப்பு பூக்கும். தட்டிய கடுக்காயையும் வெல்லத்தையும் தனித்தனியே சில நாள் ஊறவைத்து, தெளிந்த நீரைக் கலந்து அரைவையில் அரையுங்கள். கடுக்காய் கூடினால் சாந்து கறுக்கும். வெல்லம் கூடினால் இறுகாமல் பிசுபிசுக்கும். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சாண் அளவு பூசி ஒரு மாதம் விட்டுப் பார்ப்பது நல்லது. பூசிய இடத்தில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு இரண்டு வாரம் காய்ந்துபோகாமல் வைத்திருங்கள். சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் மெல்ல மெல்லக் கல்லாகிறது. கொத்தனார் ‘இன்னும் ஈரமாகவே இருக்கிறதே, கொஞ்சம் சிமென்ட் சேர்க்கட்டுமா’ என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏன் இத்தனை பிடிவாதம்? சிமென்ட் பலமானதுதானே? பலம்தான் கோளாறு. கற்றளி வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் கட்டடம்; கற்கள் ஒன்றன் மேல் ஒன்று எடையால் நிற்கின்றன. மூட்டில் சாந்து கல்லைவிட இளகியதாக இருந்தால் அசைவைச் சாந்து வாங்கிக்கொள்ளும், நாளடைவில் உதிரும், மறுபடி நிரப்பலாம். சிமென்ட் இருந்தால் சாந்து நிற்கும், கல்லின் விளிம்பு தெறிக்கும். எழுத்து விளிம்பு வரை ஓடியிருந்தால் அதுவும் சேர்ந்து போகும். இன்னொன்று, உள்ளே புகுந்த ஈரம் மூட்டு வழியே வெளியேற வேண்டும். அதை அடைத்தால் ஈரம் கல்லின் முகத்துக்கு வந்து, சிமென்டிலிருந்து கரைந்த உப்பை அங்கே பூக்கவிட்டு, தோலை உரிக்கும். கருங்கல்லை எதுவும் செய்யாது என்பவர்கள், அடிப்பாகம் செதில் செதிலாகப் பெயர்ந்த தூண்களைப் பார்த்ததில்லை.

கீழே நிலம். பல நூற்றாண்டு மண் ஏறியதால் உபானமும் ஜகதியும் புதைந்திருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே நாளில் ஜே.சி.பி. வைத்துத் தோண்டாதீர்கள். கட்டடம் அந்த மண்ணின் பக்கபலத்துக்குப் பழகியிருக்கும். ஒரு பக்கம், மூன்றடி அகலம், உபானத்தின் மேல்முகம் தெரியும் வரை, மண்வெட்டியால். அதற்குக் கீழே போக வேண்டாம். தோண்டிய மண்ணைச் சலியுங்கள். உடைந்த சிற்பமும் எழுத்துள்ள துண்டுக் கல்லும் வரும். திறந்த பக்கத்தில் 100க்கு 1 வாட்டம் வைத்துத் தண்ணீரை வெளியேற்ற வழி செய்த பிறகே அடுத்த பக்கம். தளம் போட்டே ஆக வேண்டுமானால் மணல் படுக்கையில் கல்லோ செங்கலோ பாவுங்கள், அடியில் கான்கிரீட் இல்லாமல். கான்கிரீட் தளம் நிலத்தின் ஈரத்தைச் சுவருக்குத் திருப்பிவிடும்.

அரசும் ஆலும் முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள். வேர் உள்ளே ஆப்பாக நிற்கிறது, இழுத்தால் கல்லோடு வரும். தண்டை அரையடி விட்டு வெட்டி, வெட்டிய அன்றே துளையிட்டுக் களைக்கொல்லி ஊற்றி, துளையை மூடி, பட்டுப்போகும் வரை காத்திருங்கள். தழைத்தால் மறுபடியும் அதேதான். செத்த வேரை எட்டும் வரை அறுத்தெடுத்து, வெற்றிடத்தில் சுண்ணாம்புக் குழம்பை ஊற்றுங்கள். ஆசிட் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது வேரைவிடக் கல்லைத்தான் அதிகம் கெடுக்கும்.

சுத்தம் செய்வதில்தான் அதிகக் கேடு நடக்கிறது. காற்றழுத்தத்தில் மணலை வீசிக் கல்லைப் ‘புதுசு’ ஆக்குவது ஒரே நாளில் முடிந்துவிடும், செலவும் குறைவு, பார்க்கப் பளிச்சென்று இருக்கும். எழுத்தின் ஆழம் பல இடங்களில் சில மில்லிமீட்டர்தான். மணல் முதலில் தின்பது எழுத்தின் விளிம்பை. அடுத்தது சிற்பத்தின் இமை, நகம், அணிகலனின் கோடு. சொரசொரப்பான புதுக் கல்முகம் ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் இரண்டே மழையில் முன்னைவிடக் கறுப்பாகப் பாசி பிடிக்கும். வெள்ளையடித்த கோயிலாக இருந்தால் தண்ணீரில் ஊறவைத்து, மூங்கில் அல்லது மரச் சிராயால் சுரண்டி, நார் பிரஷால் தேயுங்கள். விடாப்பிடியான இடத்தில் காகிதக் கூழை அப்பி ஓர் இரவு விட்டால் இளகும். பாசிக்கும் கரும்படலத்துக்கும் 2 முதல் 3 சதவீத அமோனியாக் கரைசல், உடனே நல்ல தண்ணீரில் அலசல். கம்பி பிரஷ் கூடாது. உதிர்ந்த கம்பித் துகள் துருப்பிடித்துச் சிவப்புக் கறை விழும். சுத்தம் செய்த பின் வார்னிஷ் அடிக்கவும் கூடாது.

சில கோயில்களில் பிரித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது. அப்படியானால் எண்ணிடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். திசை, அடுக்கு, வரிசை எண் மூன்றும் ஒவ்வொரு கல்லுக்கும் வேண்டும். எண்ணைக் கல்லின் மறைவு முகத்தில் எழுதி, அதே எண்ணை வரைபடத்திலும் படத்திலும் குறியுங்கள். முகப்பில் எனாமல் பெயின்டால் எழுதினால் அது போகாது. மழையில் அழியும் எண்ணும் உதவாது. கல் மாறி அடுக்கப்பட்டால் என்னவாகும் என்பதற்குச் சான்று பழைய கோயில்களிலேயே உண்டு: பாதி வாக்கியம் வடக்கில், மீதி தெற்கில், ஒரு கல் தலைகீழாக. இடைக்காலத் திருப்பணிகளிலும் இந்தப் பிழை நடந்திருக்கிறது. கற்களைப் பிணைக்க இரும்புப் பட்டை போடாதீர்கள். துரு பல மடங்கு உப்பிக் கல்லைப் பிளக்கும். செம்போ துருப்பிடிக்காத எஃகோ போதும். உடைந்த கல் என்று எதையும் குளத்தில் போட வேண்டாம்.

மின்கம்பி, டைல்ஸ், எவர்சில்வர் கம்பித் தடுப்பு பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. கல்லில் துளையிடாமல் செய்ய முடிந்ததைச் செய்யுங்கள். முடியாததை விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும்: கற்பூரமும் விளக்கும் கல்தூணை ஒட்டி எரிய வேண்டாம். ஒரே இடத்தில் தொடர்ந்து சூடு பட்டால் கருங்கல் தகடு தகடாக உரியும்.

சட்டம் சுருக்கமாக. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது என்று 2010 திருத்தம் சொல்கிறது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். பழுது பார்க்கவும் அனுமதி உண்டு, கேட்டுத்தான் செய்ய வேண்டும். மாநிலப் பாதுகாப்புக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அறநிலையத் துறைக் கோயில் என்றால் மண்டல, மாநில வல்லுநர் குழுக்களின் ஒப்புதல் வேண்டும். காலதாமதம் ஆகிறது என்று அலுத்துக்கொள்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பாலாலயம் (திருப்பணிக்காகச் சுவாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் சடங்கு) செய்த பிறகு விண்ணப்பிப்பதுதான் பாதித் தாமதத்துக்குக் காரணம். படங்களையும் வரைபடத்தையும் முதலிலேயே சேர்த்து அனுப்பினால் கேள்வி குறையும். எந்தத் துறையிலும் இல்லாத ஊர்ப் பொதுக் கோயிலுக்கு ஒப்புதல் கேட்க ஆள் இல்லை. அங்கே உங்கள் கூட்டத் தீர்மானப் புத்தகம்தான் சட்டம். அதில் ‘மணல் வீச்சு இல்லை, சிமென்ட் இல்லை, தரை உயர்த்தல் இல்லை’ என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்திட்ட பிறகு ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக நன்கொடையாளர் பெயர். யாரும் பெயர் வெட்டக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை; பெயர் வெட்டியவர்களால்தான் எங்கள் பிழைப்பே நடக்கிறது. ஆனால் பழைய கல்லில் வெட்ட வேண்டாம், பளிங்குப் பலகையைச் சுவரில் திருகவும் வேண்டாம். வாசலுக்கு வெளியே, கோயிலைத் தொடாமல், தனிக் கல் ஒன்று நடுங்கள். முதல் வரியில், தெரிந்தால், கட்டியவர் பெயரும் காலமும். இரண்டாவது வரியில் என்ன கெட்டிருந்தது என்று. பிறகு இந்த ஆண்டில் எந்தக் கல் மாற்றப்பட்டது, எந்தப் பக்கம் பிரித்துக் கட்டப்பட்டது, சாந்து எந்த விகிதம் என்று. அதற்குப் பின் உங்கள் பெயர்கள், எத்தனை இருந்தாலும்.

கூரையைப் பார்க்க ஐப்பசி வரை காத்திருக்க வேண்டாம். ஆவணியிலேயே ஏறிவிடுங்கள்.

இப்படிக்கு,
கற்றளிகளைப் படியெடுத்தும் பழுது பார்த்தும் வருவோர்